ஐஸ் கம்பெனியில் ஒரு கருவாட்டுக் கூட்டு: வேலையிட நகைச்சுவைத் தொடருக்கு நான்கு எபிசோடு எழுதும் முறை

ஒரே இடத்தில் வேலை பார்க்கும், ஒருவருக்கொருவர் ஒத்தே வராத இரண்டு பேர் சேர்ந்து தொழில் தொடங்குவது வேலையிட நகைச்சுவைத் தொடர்களில் அடிக்கடி வரும் கதை. அது பெரும்பாலும் மூன்றாவது காட்சியிலேயே நொண்டத் தொடங்கிவிடும். எழுதுகிறவருக்கு அந்த இருவரின் சண்டை தெரியும், அவர்கள் செய்யும் தொழில் தெரியாது. முதல் எவ்வளவு, சரக்கு எப்போது கெடும், யார் யாரிடம் வாக்குக் கொடுத்தார்கள் என்பது தெரியாமல் எழுதினால், வசனம் ஒருவரை ஒருவர் மட்டம் தட்டுவதிலேயே ஓடும். பார்ப்பவர் இரண்டு முறை சிரிப்பார், பிறகு போனை எடுத்துவிடுவார்.

தொழிலுக்குள்ளிருந்தே சிரிப்பை எடுப்பது எப்படி என்பதை ராமநாதபுரம் கடற்கரைக் கதை ஒன்றை வைத்துச் சொல்கிறோம். களம் மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனி. தொழில் நெத்திலிக் கருவாடு. நான்கு எபிசோடு, ஒவ்வொன்றும் 22 நிமிடம்.

நாட்காட்டியிலிருந்து தொடங்குங்கள்

கதைக்கு முன்னால் நாட்காட்டியை எடுத்து வையுங்கள். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. ஐஸ் கம்பெனியின் பெரிய வாடிக்கை விசைப்படகுதான். படகு நின்றால் பார் எனும் பெரிய ஐஸ் கட்டி விற்காது, கம்ப்ரசர் ஓடாது, லோடுமேன் வரமாட்டார். வேலைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்குத் தொழில் யோசனை வர வேறு காரணமே தேட வேண்டாம்.

அதே நாட்களில் நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகும். கரைவலையும் இழுப்பார்கள். ஆகவே நெத்திலி கிடைக்கும், ஆனால் இவ்வளவு கிடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. மே மாத வெயில் கருவாட்டுக்கு ஏற்றது. தடை முடிகிற நேரத்தில் எல்லாப் படகும் ஒரே சமயத்தில் ஐஸ் கேட்கும், இருவரும் பழைய வேலைக்குத் திரும்பியாக வேண்டும். தொடக்கம், நெருக்கடி, முடிவு மூன்றையும் நாட்காட்டியே கொடுத்துவிடுகிறது. முதல் எபிசோடை ஏப்ரல் கடைசியிலும், இரண்டாவதை மே நடுவிலும், மூன்றாவதை ஜூன் முதல் வாரத்திலும் வையுங்கள். நான்காவது ஜூன் 10 முதல் 15 வரை.

ஒரு நுணுக்கம். ஐஸ் தொட்டியில் இருக்கும் உப்புத்தண்ணீர் மைனஸ் 10 டிகிரி அளவுக்கு இறங்கினால்தான் அதில் இறக்கிய கேனில் ஊற்றிய நல்ல தண்ணீர் உறையும். 50 கிலோ பார் ஒன்று உறைய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். நின்று கிடந்த தொட்டியைக் குளிர வைக்கவே தனியாக நேரம் வேண்டும். அதனால் ஆபரேட்டருக்கு நெருக்கடி 14-ஆம் தேதி வராது, நாலைந்து நாள் முன்பே வந்துவிடும். கணக்கருக்கோ படகுக்காரர்கள் முன்பணத்தோடு வரும் 13, 14-இல்தான் வேலை குவியும். இருவரும் ஒரே நாளில் கைவிட்டுப் போகமாட்டார்கள். முதலில் ஒருவர், பிறகு மற்றவர். “நீதான் முதலில் விட்டுவிட்டுப் போனாய்” என்ற சண்டைக்கு இதைவிட நியாயமான அடித்தளம் கிடைக்காது.

இரண்டு பேரையும் குறுக்காகப் பின்னுங்கள்

ஒருவர் கறார், மற்றவர் தாராளம் என்று பிரித்துவிட்டால் அடுத்த வசனம் பார்ப்பவருக்கு முன்பே தெரிந்துவிடும். நாங்கள் சொல்லும் வழி வேறு: ஒரு விஷயத்தில் கறாராக இருப்பவர் அடுத்த விஷயத்தில் தாராளமாக இருக்க வேண்டும். இருவரும் இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

ரோஸ்லின், 46 வயது, தங்கச்சிமடத்து மீனவக் குடும்பம், கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். ஒரு பார் கடன் என்றாலும் கையெழுத்து வாங்காமல் விடமாட்டார். ஆனால் கருவாடு என்று வந்துவிட்டால் தாயிடம் கற்ற கைப்பழக்கம்தான்: முகர்ந்து பார்ப்பார், ஒடித்துப் பார்ப்பார், எதையும் எழுதி வைக்கமாட்டார். முனியசாமி, 31 வயது, உச்சிப்புளிப் பக்கம் விவசாயக் குடும்பம், ஆபரேட்டர். மிஷின் அறையில் மீட்டர் காட்டுவதைத் தவிர எதையும் நம்பமாட்டான். ஆனால் பணமென்றால் வாய்வார்த்தையே போதும், டீக்கடையில் நின்றுகொண்டே பேரம் முடிப்பான். கருவாடு காயப்போடும் தட்டியில் தெர்மாமீட்டர் வைக்க வேண்டும் என்று அவனும், கடைக்காரரிடம் எழுதி வாங்க வேண்டும் என்று அவரும் ஒரே காட்சியில் வாதாடினால் இருவர் சொல்வதும் சரி, இருவர் செய்வதும் தவறு.

இந்தக் கதையில் நாங்கள் விட்டுக்கொடுக்காத ஒரே விதி இதுதான்: சண்டையில் இருவருக்கும் நியாயம் இருக்க வேண்டும். ஒருவர் முட்டாள் என்றால் கூட்டு ஏன் நான்கு எபிசோடு நீடிக்கிறது என்று கேட்பார்கள், அதற்குப் பதில் இருக்காது.

முனியசாமிக்கு ஓர் அறிவைக் கொடுங்கள், அதுவும் உண்மையான அறிவாக இருக்கட்டும். அவன் குடும்பம் குண்டு மிளகாய் போடுகிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் அது. பறித்த பழத்தை முதலில் குவித்து வைத்து நிறம் ஒரே சீராக ஏற விட்டுப் பிறகுதான் களத்தில் பரப்புவார்கள். பொழுது சாய்ந்தால் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். காயப்போடுவது பற்றி அவனுக்குத் தெரிந்தது இவ்வளவும் சரி, ஆனால் மிளகாய்க்கு. அரைகுறையாகக் காய்ந்த நெத்திலியை அப்படிக் குவித்து மூடினால் உள்ளே சூடேறி விடிவதற்குள் நாறிவிடும். இரண்டாவது எபிசோடின் நடுவில் இந்த ஒரு செயலே போதும். அவன் சோம்பேறித்தனத்தால் கெடுக்கவில்லை, அக்கா தூங்கட்டும் என்று தானே ராத்திரி வந்து அக்கறையாகச் செய்கிறான். பார்ப்பவர் சிரித்துக்கொண்டே அவனுக்காக வருந்துவது அங்கேதான்.

ஒப்பந்தம் எழுதாமல் தொடங்கட்டும்

முதல் எபிசோடில் ரோஸ்லின் 30,000 ரூபாய் போடட்டும், முனியசாமி 10,000. பங்கு எவ்வளவு என்று யாரும் பேசக்கூடாது. “நமக்குள்ள என்னக்கா எழுத்து” என்று அவன் சொல்ல, ஒரு பாருக்கே கையெழுத்து கேட்கும் ரோஸ்லின் அந்த ஒரு முறை மட்டும் விட்டுவிடட்டும். ஏன் விடுகிறார் என்பதற்கு அரைப் பக்கம் செலவழியுங்கள். இதுவரை வேலையிடத்தில் அவரை யாரும் கூட்டாளி என்று அழைத்ததில்லை என்பது போதுமான காரணம்.

இனி 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் உங்களுக்காக வேலை செய்யும். எழுத்தாளர் கட்டாயம் படிக்க வேண்டிய பிரிவுகள் ஏழெட்டுத்தான். வேறு உடன்பாடு இல்லையென்றால் 13-ஆம் பிரிவின்படி லாபமும் நட்டமும் சரிபாதி. தொழிலில் உழைத்ததற்காகக் கூட்டாளி தனியாகக் கூலி கேட்க முடியாது என்பதும் அதே பிரிவில்தான். முக்கால் பங்கு பணம் போட்ட ரோஸ்லினுக்குப் பாதி லாபம், ராத்திரி பகலாகத் தட்டியோடு கிடந்த முனியசாமிக்குக் கூலி கிடையாது. ஒரே பிரிவு இருவரையும் ஏமாற்றியதுபோல் தோன்றும். இருவரும் தனித்தனியாக ஒரே வக்கீலிடம் போய் ஒரே பதிலைக் கேட்டுவிட்டு வருவது மூன்றாவது எபிசோடுக்கு நல்ல தொடக்கக் காட்சி.

12-ஆம் பிரிவு, அன்றாட விஷயத்தில் கருத்து வேறுபட்டால் பெரும்பான்மை முடிவு என்கிறது. இரண்டே பேர் இருக்கும் கூட்டில் பெரும்பான்மை எங்கிருந்து வரும்? பாக்கெட்டில் படகு படமா மீன் படமா என்பது முடியாமல் கிடந்து, லோடுமேனும் டீக்கடைக்காரரும் வாக்களிக்க அழைக்கப்படலாம்.

19, 25 இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். தொழிலின் வழக்கப்படி ஒரு கூட்டாளி செய்யும் பேரம் கூட்டைக் கட்டுப்படுத்தும், கூட்டின் கடனுக்கு ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பு. முனியசாமி டீ குடித்துக்கொண்டே கொடுத்த வாக்கு ரோஸ்லின் தலையிலும் விழும். 69-ஆம் பிரிவு, கூட்டைப் பதிவு செய்யாதிருந்தால் காசு தராத கடைக்காரர்மேல் வழக்குப் போட முடியாது என்கிறது. காலக்கெடு சொல்லாத கூட்டை ஒருவர் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்தே கலைத்துவிடலாம் என்பது 43. அந்த அறிவிப்பை எழுதத் தெரிந்தவர் ரோஸ்லின் ஒருவர்தான் என்பதால், முனியசாமி அவரை விட்டு விலகும் கடிதத்தை அவரையே எழுதித் தரச் சொல்வான். அவரும் பிழை திருத்தி எழுதித் தருவார். நான்காவது எபிசோடில் நாங்கள் மிகவும் விரும்பும் காட்சி அது. தயவுசெய்து அதற்குப் பின்னணி இசை போடாதீர்கள்.

கருவாட்டுக் கணக்கு

தட்டி: சவுக்குக் கம்பில் இடுப்பு உயரத்துக்குக் கால், மேலே நைலான் வலை, 6 அடிக்கு 3 அடி. நெத்திலியை ஒரே அடுக்காகப் பரப்பினால் ஒரு தட்டி ஏறக்குறைய 8 கிலோ பச்சை மீன் பிடிக்கும். அழுக்குப் போகக் கழுவி, வடித்து, பரப்பி, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை புரட்டினால் மே வெயிலில் இரண்டு நாளில் காயும். ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. 4 கிலோ பச்சைக்கு ஏறக்குறைய 1 கிலோ கருவாடு.

இந்த எண்களை வைத்துத்தான் மூன்றாவது எபிசோடு நிற்கிறது. ஆறு தட்டிக்கு 48 கிலோ. இரண்டு நாளுக்கு ஒரு ஈடு. பத்து நாளில் ஐந்து ஈடு, 240 கிலோ. காய்ந்தால் 60. முனியசாமி ராமநாதபுரத்துக் கடைக்காரரிடம் ஒத்துக்கொண்டது 100. எதுவும் தவறாமல் நடந்தாலே 40 கிலோ குறையும். காட்சியை இப்படி எழுதலாம்:

முனியசாமி: அக்கா, கடைக்காரர்ட்ட நூறு கிலோ சொல்லிட்டேன்.
ரோஸ்லின்: எப்ப?
முனியசாமி: இப்பத்தான். டீ குடிக்கையில.
ரோஸ்லின்: அதில்ல தம்பி. எப்பக் குடுக்கணும்?
முனியசாமி: பன்னெண்டாந்தேதி.
ரோஸ்லின்: தட்டி எத்தனை இருக்கு?
முனியசாமி: ஆறு.
ரோஸ்லின்: நாளு?
முனியசாமி: பத்து.
(கால்குலேட்டரைத் தட்டி, பேசாமல் அவன் பக்கம் திருப்பி வைக்கிறார்.)
முனியசாமி: அறுபதா? இது பேட்டரி இறங்கிருச்சுக்கா.
ரோஸ்லின்: மீட்டர் பொய் சொல்லாதுன்னு நீதானப்பா சொல்லுவ.

இதில் வசை இல்லை, கேலிப் பெயர் இல்லை. எண்தான் சிரிக்க வைக்கிறது, கடைசி வரி முதல் எபிசோடில் அவன் சொன்ன வரியையே அவனிடம் திருப்பித் தருகிறது. அதனால் “மீட்டர் பொய் சொல்லாது” என்பதை முதல் எபிசோடில் இரண்டு முறையாவது, வேறு வேலையாகப் பேசும்போது, போட்டு வைத்திருக்க வேண்டும்.

எது எப்படிக் கெடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும், ஒவ்வொன்றும் ஒரு காட்சி. மணலில் பரப்பினால் பல்லில் நறநறவென்று மணல், விலை பாதி. ஈரம் இருக்கும்போது ஈ உட்கார்ந்தால் புழு. இரவில் வெளியே விட்டால் பனி ஈரம் ஏறிப் பூஞ்சை. வெயிலில் சூடாக இருக்கும்போதே கவரில் போட்டு ஒட்டினால் உள்ளே வேர்த்து நான்காம் நாள் வெள்ளை பூக்கும். கடைசியாகச் சொன்னது மிகப் பயனுள்ளது, ஏனென்றால் தவறு செய்த அன்று எதுவும் தெரியாது. இருவரும் பாக்கெட் போட்ட மகிழ்ச்சியில் எபிசோடு முடியும், அடுத்த எபிசோடு கடைக்காரர் போனில் தொடங்கும். சீலா போன்ற பெரிய மீனுக்குப் போனால் கணக்கே மாறும். குடல் நீக்கி, கீறி, நாலுக்கு ஒன்று உப்பு வைக்க வேண்டும். வெயில் அதிகமானால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் தங்கிவிடும். உப்புத் தரம் குறைந்தால் ரோஜா நிறத்தில் படரும். வாலிநோக்கத்தில் அரசு உப்பு நிறுவனமே இருக்கும் மாவட்டத்தில் உப்பால் கெட்டது என்றால் ஊரே பேசும். நான்கு எபிசோடுக்கு நெத்திலி போதும், சீலாவை அடுத்த பருவத்துக்கு வையுங்கள்.

பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண், நிகர எடை, விலை, பாக்கெட் போட்ட நாள், முகவரி எல்லாம் வர வேண்டும். முகவரி என்ன எழுதுவது? ரோஸ்லின் வீடா, முனியசாமி வீடா, தட்டி நிற்கும் கம்பெனி மாடியா? இந்தக் கேள்வி முதலாளியைக் கதைக்குள் கொண்டுவரும் வாசல். கம்பெனித் தராசு, கம்பெனி மாடி என்று சின்னச் சின்னதாக எடுத்தது அங்கே வெளியாகும். முதலாளியையும் வில்லனாக்க வேண்டாம். அவருக்கும் 61 நாள் வருமானம் இல்லை. அவர் திட்டுவதைவிட, மாடிக்கு வாடகை எவ்வளவு என்று கேட்பது நன்றாக இருக்கும்.

பக்கமும் பேச்சும்

22 நிமிடத்துக்கு 28 பக்கம் வரை போகலாம், காட்சி 12 முதல் 15. ஒரு காட்சிக்கு ஒரு கேள்விதான். ஒவ்வொரு எபிசோடிலும் கூட்டுத்தொழில் கதைக்கு மூன்றில் இரண்டு பங்கு, மீதி கம்பெனிக்குள் நடப்பது. அந்த மீதியைக் குறைத்தால் வேலையிடம் காணாமல் போய் வெறும் தொழில் கதையாகிவிடும்.

அழைக்கும் முறையைக் கவனியுங்கள். சாதாரண நாளில் ரோஸ்லின் “தம்பி, நீ, வா”. முனியசாமி “அக்கா, நீங்க”. கோபம் வரும்போது ரோஸ்லின் குரலை உயர்த்தமாட்டார். “முனியசாமி, நீங்க சொல்லுங்க” என்று மரியாதைக்கு மாறுவார். அந்த “நீங்க” வந்துவிட்டால் லோடுமேன்கள் வெளியே போய்விடுவார்கள். சமாதானம் ஆனதைச் சொல்லத் தனி வசனம் வேண்டாம், “தம்பி” திரும்ப வந்தால் போதும். இருவருக்கும் காதல் வைக்க வேண்டாம். அக்கா தம்பி என்ற உறவு கொடுக்கும் உரிமையும் உரசலும் இதற்கு மேலான பொருள்.

தொடாமல் விட வேண்டியவை சில உண்டு. இலங்கைக் கடற்படை பிடித்துப்போவது இந்தக் கரையில் வீட்டுக்கு வீடு வலி, சிரிப்புக்கு இடமில்லை. ஐஸ் மிஷினில் ஓடும் அமோனியா வாயு கசிந்தால் உயிரை வாங்கும், அதைக் கேலிக் காட்சியாக்கினால் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் யாரும் தொடர்ந்து பார்க்கமாட்டார்கள். கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. இருவரும் அதில் கை வைத்தால் கதை குற்றக் கதையாகிவிடும், பிறகு திரும்ப வர வழி இல்லை.

கலைப்பதும் கணக்கு முடிப்பதும்

100 கிலோ கொடுக்க முடியவில்லை, 12-ஆம் தேதி கடந்துவிட்டது, தொட்டி குளிர்ந்துவிட்டது, படகுக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். கூட்டைக் கலைக்கிறார்கள். 48-ஆம் பிரிவு வரிசை சொல்கிறது: முதலில் வெளியார் கடன், பிறகு கூட்டாளி முதலுக்கு மேல் கொடுத்திருந்த முன்பணம், பிறகு கூட்டாளிகள் போட்ட முதல், மீந்தால் பங்கு. இந்த வரிசையையே கடைசிக் காட்சியின் அமைப்பாக வையுங்கள். நாட்டுப்படகுக்காரருக்குப் பாக்கி, வலைக்காரருக்குப் பாக்கி, முதலாளிக்கு மாடி வாடகை என ஒவ்வொருவராக வந்து வாங்கிப் போக, மேசையில் மிஞ்சுவது ஆறு தட்டி, ஒரு சீலிங் மிஷின், விற்காத பாக்கெட்டுகள். படகுகளுக்குக் கடலுக்குப் போகும்போது சாப்பாட்டுச் சாமானோடு கருவாடும் தேவைப்படும். விற்காத பாக்கெட்டை ஐஸ் வாங்க வந்த படகுக்காரர்களுக்கே அந்த மேசையில் வைத்து விற்கலாம். தொழில் முடிந்த இடத்தில்தான் முதல் சரியான வாடிக்கையாளர் கிடைக்கிறார். இது அடுத்த பருவத்துக்கு விதை.

படம் பிடிக்கும்போது

கம்ப்ரசர் ஓடும் அறையில் வசனம் கேட்காது. அங்கே சைகை மட்டும் எழுதுங்கள், பேச்சை கண்ணாடி போட்ட கணக்கு அறைக்குக் கொண்டுபோங்கள். மிஷின் நின்றிருக்கும் முதல் மூன்று எபிசோடில் இருவரும் சாதாரணக் குரலில் பேசலாம். நான்காவதில் மிஷின் ஓடத் தொடங்கியதும் அதே சண்டை சைகையாக மாறும். மண்டபத்தில் காற்று எப்போதும் உண்டு, காலர் மைக்குக்குக் காற்றுத் தடுப்பு இல்லாமல் போகாதீர்கள். மே, ஜூனில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று பலமாக அடித்து மணலை வாரும். தட்டிக் காட்சிகளுக்கு வடகடல் (பாக் நீரிணை) பக்கம் இடம் பாருங்கள்.

கருவாடு மணிக்கு மணி நிறம் மாறும். காலையில் எடுத்த காட்சியின் தொடர்ச்சியை மாலையில் எடுத்தால் ஒட்டாது. பச்சை, அரைக்காய்ச்சல், முழுக்காய்ச்சல் என மூன்று தட்டியைத் தனியே தயாராக வைத்துக்கொண்டு காட்சிக்கு ஏற்ப மாற்றுங்கள். காக்கையை விரட்ட ஓர் ஆள் கட்டாயம்.

படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் காட்சி 61 நாளும் கிடைக்கும், அவசரம் இல்லை. தடை முடிந்து முதன்முதலில் கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் கொடுத்து எல்லாப் படகும் கிளம்பும் காட்சி வருடத்துக்கு ஒரே ஒரு நாள்தான். அதற்கு மீன்வளத்துறை அலுவலகத்திலும் படகு உரிமையாளர் சங்கத்திலும் மே மாதமே பேசி வையுங்கள். அன்று இரண்டு கேமரா வேண்டும், ஒன்று ஐஸ் ஏற்றும் இடத்தில், மற்றொன்று ஜெட்டியில்.